ஜொகூர் பாருவும் சிங்கப்பூரும்: பாலத்தை தினமும் கடக்கிறவன் சொல்றது

ஜேபியில, அதாவது மலேசியாவோட ஜொகூர் பாருல இருந்து சிங்கப்பூர் எவ்ளோ தூரம்னு யாராவது கேட்டா நான் கிலோமீட்டர்ல பதில் சொல்றதில்ல. என்ன கிழமை, எத்தனை மணிக்கு கிளம்புறீங்கன்னுதான் திருப்பி கேப்பேன். கடற்பாலம் மொத்தமே 1 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா இந்தப் பக்கம் ஒரு இமிகிரேஷன், அந்தப் பக்கம் ஒரு இமிகிரேஷன், ரெண்டுக்கும் நடுவுல பஸ்ஸுக்கு ஒரு வரிசைன்னு இருக்கிறதால அதே பாலம் விடிகாலை 4 மணிக்கு முக்கால் மணி நேரம், 6 மணிக்கு ஒன்றரை மணி நேரம், லீவு சேந்து வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா 3 மணி நேரம் கூட ஆகும். சாதாரண நாள்லயே 3 லட்சம் பேருக்கு மேல இந்த எல்லைய தாண்டுறாங்க, உலகத்துலயே ரொம்ப நெரிசலான தரைவழி எல்லைகள்ல இது ஒண்ணு. அதுல நானும் ஒருத்தன், பல வருஷமா.

நான் ஜேபியில பொறந்து வளந்தவன், வீடு தம்போய் பக்கம், வேலை சிங்கப்பூர்ல. முதல்ல பாலத்தோட அக்கரையில இருக்கிற உட்லண்ட்ஸ்ல ஒரு கம்பெனி, இப்ப ஜூரோங்ல ஒரு வேர்ஹவுஸ். ஏன் அங்க போறோம்னு கேக்கவே வேணாம், 1 சிங்கப்பூர் வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, நம்ம ரிங்கிட் 3க்கு மேல வருது. வாடகை, சாப்பாடு, பிள்ளைங்க படிப்பு எல்லாம் இங்க ரிங்கிட்ல, சம்பளம் அங்க டாலர்ல, இந்த ஒரு கணக்குதான் அத்தனை பேரையும் நாலு மணிக்கு எழுப்பி விடுது. சம்பளத்தைப் பத்தி மட்டும் பேசிட்டு போக்குவரத்தைப் பத்தி யோசிக்காம புதுசா வேலைக்கு சேர்ற தம்பிங்களைப் பாத்தா எனக்கு கவலையா இருக்கும், அவங்களுக்காகத்தான் முக்கியமா இதை எழுதுறேன், கூடவே இந்தியாவுல இருந்து சிங்கப்பூர் சுத்திப் பாக்க வந்துட்டு ஒரு நாள் ஜேபி வரணும்னு நினைக்கிறவங்களுக்கும் உதவும்.

மொதல்ல இந்த ரெண்டு ஊரும் எப்படி ஒட்டுச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். ஜேபி 1855ல ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் (மலாய்த் தலைவர் பட்டம்) டாயெங் இப்ராஹிம் காலத்துல தஞ்சோங் புத்ரிங்கிற பேர்ல ஆரம்பிச்ச ஊரு, 1866ல அபு பக்கார்தான் ஜொகூர் பாருன்னு பேர் மாத்துனாரு. அப்பல்லாம் தோல் பதப்படுத்த உதவுற காம்பியரும் மிளகும்தான் இங்க விளைச்சல், அதெல்லாம் தண்ணி தாண்டி சிங்கப்பூர் துறைமுகத்துக்குத்தான் போகும். அப்புறம் ரப்பர் வந்துச்சு, ரப்பரோட நம்ம ஆளுங்க வந்தாங்க. 1909ல ரயில் ஜேபி வரைக்கும் வந்துருச்சு, ஆனா அங்க இருந்து ரயில் பெட்டியெல்லாம் படகுல ஏத்தித்தான் அக்கரைக்கு கொண்டு போனாங்க. சரக்கு கூடக்கூட அந்தப் படகால தாங்க முடியல, அதுக்காக கட்டுனதுதான் இந்தப் பாலம். 1919ல வேலை தொடங்கி, 1923ல ரயில் ஓட ஆரம்பிச்சு, 1924 ஜூன்ல முறையா திறந்தாங்க. பாலம்னு சொல்றோமே தவிர அது தூண் நட்ட பாலம் இல்ல, புலாவ் உபின் தீவுல இருந்தும் புக்கிட் தீமா பக்கத்துல இருந்தும் கருங்கல்லை வெட்டிக் கொண்டு வந்து கடல்ல கொட்டி உண்டாக்குன கரை. 1942 ஜனவரி 31ல ஜப்பான்காரன் துரத்திட்டு வர்றப்ப பிரிட்டிஷ்காரங்க இதை வெடி வச்சு உடைச்சாங்க, அப்படியும் ரெண்டு வாரத்துல சிங்கப்பூர் விழுந்துருச்சு.

எங்க தாத்தா தோட்டத்துல வேலை செஞ்சவரு. அவர் காலத்துல தீபாவளிக்கு துணி எடுக்க சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்கு பஸ் ஏறி சும்மா போயிட்டு வருவாராம், பாஸ்போர்ட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. 1965ல சிங்கப்பூர் தனி நாடாச்சு, 1967ல எல்லையில பாஸ்போர்ட் சோதனை தொடங்குச்சு. அதுக்கப்புறம்தான் ஒரே குடும்பத்துல அண்ணன் மலேசியர், தம்பி சிங்கப்பூரர்னு ஆச்சு. எங்க சொந்தத்துலயே பாதி பேர் அந்தப் பக்கம். அதனால இந்த பாலத்து வரிசையில நிக்கிறவங்க எல்லாரும் வேலைக்கும் ஷாப்பிங்குக்கும் போறவங்கன்னு நினைச்சுடாதீங்க, சாவு வீட்டுக்கு போறவங்களும் அதே வரிசையிலதான் நிக்கிறாங்க.

சரி, எப்படிப் போறது? பஸ்தான் பெரும்பாலானவங்களுக்கு. உட்லண்ட்ஸ் எம்ஆர்டி (சிங்கப்பூர் நகர ரயில்) ஸ்டேஷனுக்கு 950ம் நம்பர், கிராஞ்சி வழியா ஜூரோங் பக்கம் போக 160, சிங்கப்பூர் நடு ஊர்ல இருக்கிற குவீன் ஸ்ட்ரீட் வரைக்கும் 170, இது போக மஞ்சள் கலர் காஸ்வே லிங்க் பஸ், அதுல சிடபிள்யூ1 கிராஞ்சிக்கும் சிடபிள்யூ2 குவீன் ஸ்ட்ரீட்டுக்கும் போகும். புதுசா வர்றவங்களுக்கு புரியாத விஷயம் என்னன்னா நீங்க ஏறுன பஸ் உங்களுக்காக நிக்காது. ஒவ்வொரு இமிகிரேஷன்லயும் எல்லா சாமானையும் எடுத்துக்கிட்டு இறங்கணும், கவுன்டர் முடிச்சு கீழ வந்து அதே நம்பர் பஸ் எது வந்தாலும் ஏறிக்கலாம். டிக்கெட் வாங்குன பஸ்ஸுன்னா டிக்கெட்டை தூக்கிப் போட்றாதீங்க, கார்டு தட்டுனீங்கன்னா அதே கார்டை தட்டுங்க. பையை மட்டும் பஸ்லயே விட்டுட்டு இறங்குனா அது உங்களுக்கு முன்னாடி போயிரும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. உங்க வேலையிடத்துக்கு எந்த பஸ் நேரா போகுதுன்னு பாக்காதீங்க, எந்த பஸ் சீக்கிரம் சீக்கிரம் வருதுன்னு பாருங்க. காலையில உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல கவுன்டர் முடிச்சு கீழ இறங்குனா ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனி வரிசை. 170க்கு பாம்பு மாதிரி வளைஞ்சு நிக்கும், பக்கத்துல 950 வந்து வந்து ஆள அள்ளிக்கிட்டு போயிரும். உட்லண்ட்ஸ்ல எம்ஆர்டி பிடிச்சா நேர் பஸ்ஸை விட முன்னாடி போயிரலாம், கூட கொஞ்சம் காசு ஆகும் அவ்ளோதான். சாயங்காலம் திரும்பி வரும்போது கிராஞ்சியில இதே கதை தலைகீழா நடக்கும், அங்க மாலை 6 மணிக்கு மேல போனா வரிசை ஸ்டேஷனுக்கு வெளிய வரைக்கும் வந்திருக்கும். எங்க கூட்டாளிங்க பாதி பேர் அந்த நேரத்துல கிராஞ்சி போறதே இல்ல, அங்கயே சாப்பிட்டுட்டு எட்டரை மணிக்கு மேலதான் கிளம்புவாங்க. ஆனா அப்படி செஞ்சா வீட்டுல பிள்ளைங்க தூங்கிரும், அதையும் யோசிச்சுக்கங்க.

ட்ரெயின் இருக்கு, ஷட்டில் தெப்ராவ்னு பேரு, 2015 ஜூலையில இருந்து ஓடுது. ஜேபி சென்ட்ரல்ல ஏறுனா 5 நிமிஷத்துல உட்லண்ட்ஸ். இங்க இருந்து போக 5 ரிங்கிட், அங்க இருந்து வர 5 சிங்கப்பூர் வெள்ளி. டிக்கெட் ஆன்லைன்ல முன்னாடியே வாங்கி வைக்கணும், சனி ஞாயிறு டிக்கெட்டெல்லாம் சட்டுனு தீந்துரும், கடைசி நேரத்துல போய் நின்னா கிடைக்காது. இன்னொண்ணு, போற திசைய பொறுத்து சோதனை மாறும். ஜேபியில ஏறும்போது மலேசிய இமிகிரேஷன் முடிச்சுட்டு ஏறுவீங்க, சிங்கப்பூர் இமிகிரேஷன் அங்க இறங்குனதும். ஆனா உட்லண்ட்ஸ்ல இருந்து வரும்போது ரெண்டு நாட்டு சோதனையும் ஏறுறதுக்கு முன்னாடியே அங்கயே முடிஞ்சிரும், ஜேபியில இறங்குனா நேரா வெளிய வந்துரலாம். அதனால குழந்தைங்க, வயசானவங்க இருந்தா திரும்பி வர்ற பயணத்துக்காவது ட்ரெயின் டிக்கெட் வாங்கி வைங்கன்னு நான் எல்லாருக்கும் சொல்வேன், ராத்திரி பஸ் வரிசையில அம்மா அப்பாவ நிக்க வைக்கிற கொடுமை மிச்சம்.

முன்னெல்லாம் மலேசிய ரயில் தஞ்சோங் பகார் வரைக்கும், அதாவது சிங்கப்பூர் நடு ஊருக்குள்ளயே போகும். 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிட்டு வந்தாரு, அன்னைக்கு ஸ்டேஷன்ல எங்க மாமா நின்னிருக்காரு, இன்னும் அதைப் பத்தி பேசுனா அவருக்கு தொண்டை அடைக்கும். அந்த ரயில் உட்லண்ட்ஸோட நின்னது எங்களை மாதிரி ஆளுங்களுக்கு பெரிய இழப்புதான்னு நான் இப்பவும் நினைக்கிறேன்.

மோட்டோர்ல, அதாவது மோட்டார் சைக்கிள்ல போறவங்க தனி உலகம். நேரம்னு பாத்தா அவங்கதான் ராஜா, பஸ்காரன் ஒன்றரை மணி நேரத்துல போறத அவங்க அரை மணி நேரத்துல போயிருவாங்க. ஆனா மழையில பாத்திருக்கீங்களா? ஆயிரக்கணக்கான மோட்டோரு, புகை, ஈரமான ரோடு, தூக்கம் பத்தாத கண்ணு. என் கூட வேலை செஞ்ச ஒரு தம்பி ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வரும்போது விழுந்து கால் உடைஞ்சு பல மாசம் வீட்டுல கிடந்தான், அத்தனை மாசமும் அவன் அம்மாதான் பால் மரம் வெட்டுற, அதாவது ரப்பர் பால் எடுக்கிற வேலைக்கு திரும்பப் போனாங்க. அதனால ராத்திரி ஷிஃப்ட்டுன்னா தயவுசெஞ்சு பஸ்ல வாங்க. மோட்டோருதான்னா நல்ல மழைக்கோட்டு, பின்னாடி ஒளி அடிக்கிற சட்டை, ஓட்டுறவங்க, பின்னாடி உக்கார்றவங்க ரெண்டு பேருக்கும் சரியான ஹெல்மெட், இதுல கஞ்சத்தனம் வேணாம்.

ஜூரோங், துவாஸ், பூன் லே பக்கம் வேலைன்னா கடற்பாலத்தையே மறந்துருங்க. 1998ல திறந்த ரெண்டாவது பாலம் இருக்கு, கேலாங் பாத்தா பக்கத்துல இருந்து துவாஸுக்கு, தண்ணி மேல 2 கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி. ஜேபி பக்கம் புக்கிட் இண்டாவுல இருந்து சிடபிள்யூ3 ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் சிடபிள்யூ6 பூன் லேக்கும் போகுது. டோல் கூடங்கிறதால கார்க்காரங்க யோசிப்பாங்க, ஆனா கூட்டம் பொதுவா கம்மி. நான் ஜூரோங் வேலைக்கு மாறினப்ப, தம்போய்ல இருந்து ஊருக்குள்ள போய் கடற்பாலத்துல நிக்கிறதை விட, எதிர்த்திசையில புக்கிட் இண்டா போய் பஸ் ஏறுறது எனக்கு சரியா வந்துச்சு, மேப்புல பாத்தா சுத்து மாதிரி தெரியும், கடியாரத்துல பாத்தா இல்ல. வீடு வாடகைக்கு தேடுற தம்பிங்க இதை முக்கியமா கவனிக்கணும். சிங்கப்பூர் மேற்குல வேலைன்னா ஸ்கூடாய், புக்கிட் இண்டா பக்கம் வீடு பாருங்க, உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் வேலைன்னா ஜேபி ஊருக்குள்ள பாருங்க. வாடகை நூறு ரிங்கிட் கூட குறைச்சல்ங்கிறத விட இதுதான் பெருசு.

லீவு நாள் விஷயத்துல நாங்க பட்ட பாடு வெளிய இருக்கிறவங்களுக்கு தெரியாது. 2014ல ஜொகூர்ல வார லீவை வெள்ளி சனின்னு மாத்துனாங்க. என் வீட்டுக்காரம்மா இங்க தமிழ்ப்பள்ளியில டீச்சர், பிள்ளைங்களுக்கும் அதே பள்ளிக்கூட லீவுதான். எனக்கோ சிங்கப்பூர்ல ஞாயித்துக்கிழமைதான் முழு லீவு, சனிக்கிழமை அரை நாள். ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல படுத்திருப்பேன், அவங்க மூணு பேரும் பள்ளிக்கூடத்துல. ஒண்ணா உக்காந்து மத்தியானம் சாப்பிடுறதே அபூர்வமாப் போச்சு. 2025 ஜனவரி 1ல திரும்பவும் சனி ஞாயிறுன்னு மாத்துனாங்க பாருங்க, எங்க தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) அந்த முதல் ஞாயித்துக்கிழமை எல்லா வீட்டுலயும் அப்பாமாரும் பிள்ளைங்களும் ஒண்ணா இருந்தாங்க. போக்குவரத்துக்கு அது ஒரு வகையில நெருக்கடிதான், ஏன்னா இப்ப ரெண்டு ஊரு ஜனமும் ஒரே நேரத்துல கிளம்புது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் முன்ன விட மோசம். இருந்தாலும் நான் அந்த மாத்தத்துக்கு முழுசா ஆதரவு.

கோவிட் நேரத்தை சொல்லாம விட முடியாது. 2020 மார்ச் 18ல எல்லைய மூடுனாங்க, முந்தின நாள் ராத்திரி வேலைய காப்பாத்திக்க எத்தனையோ பேர் ஒரு பையோட பாலத்தை தாண்டினோம். ரெண்டு வாரம்னாங்க. அப்புறம் ஆகஸ்ட்ல ஒரு ஏற்பாடு வந்துச்சு, குறைஞ்சது மூணு மாசம் அங்க இருந்து வேலை செஞ்சா வீட்டுக்கு வந்து போகலாம்னு, அதுலயும் தனிமைப்படுத்தல், டெஸ்ட்டு செலவுன்னு ஆயிரம் இருந்துச்சு. உட்லண்ட்ஸ் கடற்கரைப் பூங்காவுல நின்னா எதிர்ல ஜேபி கட்டடமெல்லாம் தெரியும், ஞாயித்துக்கிழமை அங்க போய் வீட்டுக்கு வீடியோ கால் போடுறவங்க நிறைய பேர். 2022 ஏப்ரல் 1ல முழுசா திறந்தாங்க. அந்த அனுபவத்துல இருந்து நான் கத்துக்கிட்டது, அங்க வேலை செய்றவங்க ஒரு மாச வாடகைக்காவது சிங்கப்பூர் வெள்ளியில தனியா எடுத்து வைக்கணும், அவசரத்துக்கு படுக்க இடம் தர்ற ஒரு சொந்தக்காரரையோ கூட்டாளியையோ அந்தப் பக்கம் தெரிஞ்சு வச்சுக்கணும். பாஸ்போர்ட் முடியிறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே புதுப்பிச்சுருங்க.

இந்தியாவுல இருந்து வர்றவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். இந்தியர்களுக்கு மலேசியா 30 நாள் வரைக்கும் விசா இல்லாம விடுது, இப்போதைக்கு 2026 டிசம்பர் 31 வரைக்கும்னு அறிவிச்சிருக்காங்க, ஆனா சிங்கப்பூர் விசா ஒரு தடவை மட்டும் நுழையறதுக்கான விசாவா இருந்தா ஜேபி வந்தப்புறம் திரும்பி உள்ள போக முடியாது. பல தடவை நுழையலாம்னு போட்டிருக்கான்னு பாத்துட்டு கிளம்புங்க. மலேசியாவுக்கு வர்றதுக்கு மூணு நாளைக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல போடணும், 2024ல இருந்து கட்டாயம், காசு கிடையாது. திரும்பும்போது சிங்கப்பூர் அரைவல் கார்டும் மறுபடி போடணும். ரெண்டுமே இலவசம், காசு கேக்குற வெப்சைட்டுல போயி மாட்டாதீங்க. சிங்கப்பூருக்குள்ள சிகரெட்டுக்கு சலுகையே கிடையாது, ஒரு பாக்கெட்டுன்னாலும் வரி, மலேசியாவுல இருந்து போனா மதுவுக்கும் சலுகை இல்ல, சூயிங்கம் வாங்கிட்டு போகாதீங்க. சிங்கப்பூர் கார்ல சொந்தக்காரங்க கூட்டிட்டு வந்தா, அங்க இருந்து கிளம்பும்போதே டேங்க்ல முக்கால்வாசி எண்ணெய் இருக்கணும்னு சட்டம், அது போக மலேசியாவுக்குள்ள வர விஇபிங்கிற வெளிநாட்டு வண்டிக்கான நுழைவு அனுமதி எடுத்திருக்கணும். ஆள் கூப்பிட்டு கூப்பிட்டு ஏத்துற லைசென்ஸ் இல்லாத வேன்ல ஏறவே ஏறாதீங்க, பிடிச்சா வண்டிய பறிமுதல் பண்ணுவாங்க, நீங்க நடு ரோட்டுல நிப்பீங்க.

ஒரு நாள்தான் இருக்குன்னா காலை 7 மணிக்குள்ள உட்லண்ட்ஸ்ல இருந்து கிளம்பி வாங்க, வேலைக்கு போற கூட்டம் எதிர்த்திசையில போகுது, உங்களுக்கு வழி காலியா இருக்கும். ஜேபி சென்ட்ரல்ல இருந்து நடந்தே ஜாலான் உங்கு புவான் வரலாம், ராஜமாரியம்மன் கோயில் அங்கதான், சுத்தி நம்ம கடைங்க. ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் ஜாலான் தெப்ராவ் பக்கம், சுவரு, தூணு எல்லாமே கண்ணாடித்துண்டு பதிச்சது, அதைப் பாக்காம போகாதீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்புறத மட்டும் தவிருங்க, மத்தியானம் 2 மணிக்குள்ள இல்லன்னா ராத்திரி 11 மணிக்கு மேல. பஸ் ஜாம்ல நிக்கும்போது சில பேர் இறங்கி பாலத்துல நடப்பாங்க, பாத்து நீங்களும் இறங்காதீங்க, ஒழுங்கான நடைபாதை அங்க இல்ல, மோட்டோரு உரசிக்கிட்டு போகும்.

இப்ப எல்லாரும் பேசுறது ஜேபியையும் சிங்கப்பூரையும் இணைக்க கட்டுற ஆர்டிஎஸ்ங்கிற புது ரயிலைப் பத்தித்தான். ஜேபி புக்கிட் சாகார்ல இருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் நார்த் வரைக்கும் 4 கிலோமீட்டர், 5 நிமிஷப் பயணம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில 10,000 பேர் வரைக்கும் போகலாம். 2018ல ஒப்பந்தம் போட்டு, நடுவுல நிறுத்தி வச்சு, 2020ல திரும்ப கையெழுத்து போட்டு, இப்ப தண்ணி மேல தூணும் பாலமும் நிக்கிறத பஸ்ல போகும்போதே பாக்கலாம். 2026 கடைசி வாக்குல ஓட விடுறதா திட்டம். ரெண்டு நாட்டு சோதனையும் ஏறுற இடத்துலயே முடியுங்கிறதுதான் இதுல பெரிய விஷயம், 5 நிமிஷம்ங்கிறது இல்ல. ஷட்டில் தெப்ராவும் 5 நிமிஷம்தானே, ஆனா ஒரு நாளைக்கு எத்தனை ரயில், எத்தனை சீட்டுன்னு பாத்தா அது கொஞ்ச பேருக்குத்தான். புது ரயில் வந்த ஆறு மாசத்துக்குள்ள ஷட்டில் தெப்ராவை நிறுத்தணும்னு ஒப்பந்தத்துல இருக்கு.

என் கவலை ஒண்ணே ஒண்ணுதான். உட்லண்ட்ஸ் நார்த்ல இறங்குனா பக்கத்துலயே எம்ஆர்டி, தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் லைன்ல ஆர்ச்சர்ட் வரைக்கும் நேரா போயிரலாம். இந்தப் பக்கம் புக்கிட் சாகாருக்கு ஜனங்க எப்படி வந்து சேருவாங்க? ஜேபிக்குள்ள எம்ஆர்டி கிடையாது. தம்போய், மாசாய், ஸ்கூடாய்னு தூரத்து தாமான்ல இருக்கிறவங்க எல்லாரும் காரையும் மோட்டோரையும் எடுத்துக்கிட்டு ஒரே இடத்துக்கு வந்தா, பாலத்துல இருக்கிற ஜாம் ஊருக்குள்ள வந்து நிக்கும். விடிகாலை நாலரை மணிக்கே தாமான் தாமானா பஸ் ஓடணும், அதுவும் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு. எங்க தாமான் குடியிருப்பாளர் சங்கத்துல இதையே கேட்டு நகராண்மைக்கு மனு எழுதியிருக்கோம், எந்த ரோட்டுல எத்தனை பேர் அந்தப் பக்கம் வேலைக்கு போறாங்கன்னு வீடு வீடா கேட்டு பேர் எடுத்து கூடவே வச்சிருக்கோம். உங்க தாமான்லயும் செய்யுங்க, ரயில் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே.